புகைப்படத்தை இணையத்தில் பதிவேற்றும் அளவுக்குச் சிறிதாக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வேலை செய்யும் நகலெடுக்கும் கடைக்கு, எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளைகள் மேற்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் முதலிய தோட்டங்களிலிருந்து வரும் பெற்றோர்கள் ஏறக்குறைய ஒரே சிக்கலோடுதான் வருகிறார்கள். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி முடித்திருப்பார்கள். 'முவாட் நாயிக்' (பதிவேற்று) என்ற பொத்தானை அழுத்திப் பிள்ளையின் படத்தைத் தேர்ந்தெடுத்ததும், கோப்பின் அளவு வரம்பை மீறிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அப்படி வந்த ஒரு தாயார், "தம்பி, படம் பெரிசா இருக்குன்னு சொல்லுது. நானும் தள்ளித் தள்ளி நின்னு நாலு தடவை எடுத்துட்டேன், இன்னும் அதையேதான் சொல்லுது," என்றார். அவருடைய முயற்சியில் குறை ஒன்றுமில்லை. 'பெரியது' என்று அந்தப் படிவம் எதைச் சொல்கிறது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை, அவ்வளவுதான். அவரைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தபடியே இந்த வேலையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படத்திற்கு இரண்டு அளவுகள் உண்டு

முதலாவது, படத்தின் அகல உயரம். இது பிக்சல் என்னும் சிறு வண்ணப் புள்ளிகளால் கணக்கிடப்படுகிறது. இன்று பரவலாக உள்ள 12 மெகாபிக்சல் கைத்தொலைபேசி எடுக்கும் படம் 4032 பிக்சல் நீளமும் 3024 பிக்சல் அகலமும் கொண்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியே 21 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். இரண்டாவது, கோப்பின் எடை. அந்தப் புள்ளிகளைச் சேமித்து வைக்க எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை இது காட்டுகிறது. கிலோபைட், மெகாபைட் என்ற கணக்கில் வரும். 1024 கிலோபைட் சேர்ந்தது ஒரு மெகாபைட்.

தள்ளி நின்று எடுத்தாலும் கிட்ட நின்று எடுத்தாலும் கைத்தொலைபேசி அதே ஒரு கோடிச் சொச்சம் புள்ளிகளைத்தான் பதிவு செய்கிறது. முகம் சிறியதாகுமே தவிர, கோப்பு அதற்கேற்பச் சிறியதாகாது. அந்தத் தாயாரின் நான்கு படங்களும் மூன்று மெகாபைட்டுக்கு மேலேயே இருந்ததற்குக் காரணம் இதுதான். படிவமோ 200 கிலோபைட்டுக்குள் கேட்டது.

இந்த இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. ஒரு புள்ளியின் நிறத்தைச் சுருக்காமல் எழுத மூன்று பைட் தேவை (ஒரு பைட் என்பது எட்டு பிட்). அப்படிப் பார்த்தால் 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 36 மெகாபைட் இருக்க வேண்டும். அது மூன்று நான்கு மெகாபைட்டாக நம் கைக்கு வருவதற்குக் காரணம், 1992-இல் தரநிலையாக வெளியிடப்பட்ட ஜேபெக் என்னும் சுருக்கும் முறை. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது. எவ்வளவு கழிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணைத்தான் செயலிகள் 'குவாலிட்டி' என்று காட்டுகின்றன.

ஆகவே கோப்பைச் சிறிதாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அல்லது தரத்தைக் குறைக்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் முதலில் போகிறார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. 12 மெகாபிக்சல் படத்தை அகல உயரம் மாற்றாமல் 200 கிலோபைட்டுக்குள் அடைத்தால், ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டில் ஏழில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். அதே படத்தை 413 க்கு 590 பிக்சலாக மாற்றிவிட்டால், அதே 200 கிலோபைட்டில் ஒரு புள்ளிக்கு ஆறு பிட்டுக்கும் அதிகமான இடம் இருக்கிறது. தரத்தில் கை வைக்கவே தேவையில்லை. முதலில் புள்ளிகளைக் குறையுங்கள், அதற்குப் பிறகும் எடை கூடுதலாக இருந்தால் மட்டும் தரத்தைத் தொடுங்கள் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் பாதியாவதில்லை, கால் பங்காகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், எந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

தொடங்குவதற்கு முன்

படிவத்தில் படம் கேட்கும் இடத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரிகளை முழுவதும் படியுங்கள். பெரும்பாலான படிவங்கள் மலாயில் இருப்பதால் மூன்று சொற்களைத் தேடினால் போதும். 'சைஸ் மாக்சிமும்' என்பதற்கு அருகில் இருப்பது கோப்பின் அதிகபட்ச எடை, 'ஃபார்மாட்' என்பதற்கு அருகில் இருப்பது கோப்பின் வகை, 'பிக்செல்' என்பதற்கு அருகில் இருப்பது அகல உயரம். சில படிவங்கள் குறைந்தபட்ச அளவையும் குறிப்பிடுகின்றன. அதைக் கவனிக்காமல் படத்தை மிகவும் சிறிதாக்கிவிட்டால் அதுவும் நிராகரிக்கப்படும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. படிவத்திற்குப் படிவம் இவை மாறுபடும் என்பதால், போன ஆண்டு அண்ணனுக்குச் செய்த அளவே இந்த ஆண்டு தங்கைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, மூலப்படத்தைத் தொடாதீர்கள். வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். சிறிதாக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினால், கணினி இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு இட்டு நிரப்பும். படம் மங்கலாகுமே தவிர, இழந்த நுணுக்கம் மீளாது. அதோடு, ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழக்கப்படுகிறது. அளவு சரிவராவிட்டால் சிறிதாக்கிய பிரதியை மேலும் சிறிதாக்காமல், மூலத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

விண்டோஸ் கணினியில்

எல்லா விண்டோஸ் கணினிகளிலும் எளிதாகக் கிடைக்கும் பெயிண்ட் செயலியைக் கொண்டு விளக்குகிறேன். மலேசியக் கடப்பிதழ் அளவான 35 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதன் விகிதம் ஏழுக்குப் பத்து. ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் கணக்கிட்டால் 35 மில்லிமீட்டர் 413 பிக்சல் ஆகும். உயரம் ஏறத்தாழ 590 பிக்சல்.

படத்தை பெயிண்ட் செயலியில் திறந்தவுடன் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஜேபெக் வகையாகச் சேமித்துவிடுங்கள். இதுதான் உங்கள் பிரதி. பிறகு 'செலெக்ட்' கருவியால் முகத்தையும் தோளையும் சுற்றி ஒரு செவ்வகம் இழுங்கள். இழுக்கும்போது திரையின் அடிப்பட்டையில் அந்தச் செவ்வகத்தின் பிக்சல் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. அங்கே 2100 க்கு 3000, அல்லது 1750 க்கு 2500 என்று ஏழுக்குப் பத்து விகிதம் வரும்வரை சரிசெய்து, 'க்ராப்' என்பதை அழுத்துங்கள். வெட்டும் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் சிறிதாக்க வேண்டும். மாற்றிச் செய்தால், சிறிதான படத்திலிருந்து மேலும் ஒரு பகுதி போய், மிஞ்சுவது தேவைக்குக் குறைவாகிவிடும்.

இப்போது 'ரீசைஸ்' என்பதைத் திறங்கள். விசைப்பலகையில் கண்ட்ரோல், டபிள்யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அது திறக்கும். அளவை விழுக்காட்டில் கேட்கிறதா, பிக்சலில் கேட்கிறதா என்று பார்த்து, பிக்சலைத் தேர்ந்தெடுங்கள். அகல உயர விகிதத்தைக் காக்கும் தெரிவு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது அணைந்திருந்தால் அகலம் மட்டும் குறைந்து முகம் நீண்டுபோகும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சில படங்கள் அப்படி வந்திருக்கின்றன. அகலக் கட்டத்தில் 413 என்று எழுதினால் உயரக் கட்டத்தில் 590 தானாக வரும். சேமித்துவிட்டு, கோப்பின் மேல் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்டீஸ்' பாருங்கள். இந்த அளவுள்ள முகப்படம் பெரும்பாலும் 150 கிலோபைட்டைத் தாண்டாது.

பெயிண்ட் செயலியில் ஜேபெக் தரத்தை மாற்ற முடியாது. எடையை இன்னும் குறைக்க வேண்டுமானால், விண்டோசின் 'போட்டோஸ்' செயலியில் படத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ரீசைஸ் இமேஜ்' என்பதற்குச் செல்லுங்கள். அங்கே பிக்சல், தரம் இரண்டையும் மாற்றலாம். சேமிப்பதற்கு முன்பே பழைய எடையையும் புதிய எடையையும் அது காட்டிவிடுகிறது. தரத்தை 100-இலிருந்து 80-க்கு இறக்கினால் எடை வெகுவாகக் குறையும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 50-க்குக் கீழே போனால் கண் இமை, தலைமுடி ஓரங்களில் கட்டங்கள் தெரியத் தொடங்கும். அந்த இடத்திற்கு வந்துவிட்டால் தரத்தை விட்டுவிட்டுப் பிக்சலைக் குறைப்பதே முறை.

கைத்தொலைபேசியில்

தோட்டத்து வீடுகளில் கணினி இல்லாத குடும்பங்களே அதிகம் என்பதால் இந்தப் பகுதிதான் பலருக்குப் பயன்படும். சில ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில், சாம்சுங் போன்றவற்றில், படத்தொகுப்புச் செயலியின் திருத்தும் பகுதியிலேயே 'ரீசைஸ்' என்ற தெரிவு இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு 'ஸ்குவூஷ்' என்ற இணையக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். கூகளின் குரோம் குழுவினர் 2018-இல் வெளியிட்ட இக்கருவி, படத்தை எந்தச் சர்வருக்கும் (இணையத்தளத்தை நடத்துபவர்களின் கணினிக்கும்) அனுப்பாமல், உங்கள் தொலைபேசியின் உலாவிக்குள்ளேயே சிறிதாக்குகிறது. படத்தைத் தேர்ந்தெடுத்து, 'ரீசைஸ்' பொத்தானை இயக்கி, அகலத்தை எழுதுங்கள். கோப்பு வகையில் 'மோஸ்ஜேபெக்' என்று இருப்பதை மாற்றாமல் விட்டுவையுங்கள், அதுவும் ஜேபெக் வகைதான். தரத்தை நகர்த்த நகர்த்த, கீழே கோப்பின் எடை மாறிக்கொண்டே வருவதைப் பார்த்து, வரம்புக்குச் சற்றுக் கீழே வந்ததும் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

படத்தைச் சர்வருக்கு அனுப்பாத கருவியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேடுபொறியில் படத்தைச் சிறிதாக்கும் தளம் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பிள்ளையின் முகப்படமானாலும், அடையாள அட்டையின் இருபக்கப் படமானாலும் அவற்றில் பல தங்கள் சர்வரில் வாங்கிக்கொண்டுதான் சிறிதாக்கித் தருகின்றன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் மூன்றும் ஒரே படத்தில் இருக்கும் ஒன்றை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இடத்தில் ஒப்படைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அதன் படங்கள் ஹெய்க் என்ற வகையில் சேமிக்கப்படுகின்றன. பல படிவங்கள் அதை ஏற்பதில்லை. கோப்பின் பெயரின் இறுதியில் உள்ள எழுத்துகளை மட்டும் ஜேபிஜி (ஜேபெக் கோப்பின் குறி) என்று மாற்றி எழுதுவதால் பயனில்லை. சட்டியின் மேல் வேறு பெயர் ஒட்டினால் உள்ளே இருக்கும் குழம்பு மாறிவிடாது. 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மாட்ஸ்' என்று சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே பதிவாகும். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு, ஐபோனின் 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் படத்தைத் தேர்ந்தெடு, அகலத்தை மாற்று, ஜேபெக்காக்கு, சேமி என்ற நான்கு செயல்களை வரிசையாகக் கோத்து ஒருமுறை வைத்துவிட்டால் போதும். பிறகு எத்தனை படங்களுக்கும் அது பயன்படும்.

வாட்சாப்பில் தனக்குத்தானே படத்தை அனுப்பி, வந்ததைச் சேமித்துப் பதிவேற்றும் பழக்கம் இங்கு பலரிடம் இருக்கிறது. வாட்சாப் வழக்கமாகப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்பதால் இது பல நேரங்களில் உதவும். ஆனால் எவ்வளவு சுருக்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. 200 கிலோபைட் கேட்கும் இடத்தில் அது 250-இல் நின்றுவிடலாம். சான்றிதழ்களுக்கு இம்முறையை நான் விரும்புவதில்லை, சிறிய எழுத்துகள் மங்கிவிடுகின்றன. சுருங்காமல் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்றால், படமாக இல்லாமல் 'டாக்குமெண்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள்.

சான்றிதழ்கள்

முகப்படத்துக்குப் பொருந்தும் அளவு பிறப்புப் பத்திரத்துக்கும் தேர்வுச் சான்றிதழுக்கும் பொருந்தாது. 413 பிக்சல் அகலத்தில் சான்றிதழைச் சிறிதாக்கினால், பெறுபவர் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்தைப் படிக்க முடியாது. ஏ4 தாளுக்கு 1240 க்கு 1754 பிக்சல் போதுமானது. இது அங்குலத்திற்கு 150 புள்ளி என்ற கணக்கு. எடை கூடுதலாக இருந்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பிடிஎஃப் கேட்கும் படிவங்களுக்கு, ஆண்ட்ராய்டில் கூகள் டிரைவ் செயலியின் 'ஸ்கேன்' வசதியையும், ஐபோனில் 'நோட்ஸ்' செயலியின் ஸ்கேன் வசதியையும் பயன்படுத்தலாம். அவை தாளின் ஓரங்களைத் தாமே கண்டறிந்து நேராக்கித் தருகின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்காவிட்டால்

அளவு, வகை இரண்டும் சரியாக இருந்தும் படிவம் மறுக்கிறது என்றால், கோப்பின் பெயரைப் பாருங்கள். இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து ஆகியவை பெயரில் இருந்தால் சில தளங்கள் தடுமாறுகின்றன. சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட குறுகிய பெயராக மாற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

தொலைபேசியில் நேராக நிற்கும் படம் பதிவேற்றியதும் பக்கவாட்டில் படுத்துவிடுவதும் உண்டு. தொலைபேசி படத்தைப் படுத்தவாறே பதிந்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் கோப்போடு சேர்த்து வைக்கிறது. அக்குறிப்பைப் படிக்காத தளம் உள்ளது உள்ளபடியே காட்டிவிடுகிறது. அப்படி நேர்ந்தால் அந்தப் படத்தைக் கணினியில் பெயிண்ட் செயலியில் திறந்து, நேராக நிற்கும்படி செய்து சேமித்தால் சரியாகிவிடும்.

அதே குறிப்புகளுக்குள், படம் எடுத்த இடத்தின் இருப்பிட விவரமும் ஒளிந்திருக்கக்கூடும். பொதுவில் எல்லாரும் காணும்படி போடும் படமானால், விண்டோசில் 'ப்ராப்பர்டீஸ்', 'டீட்டெய்ல்ஸ்' பகுதியின் அடியில் உள்ள தனிப்பட்ட விவரங்களை நீக்கும் தெரிவைப் பயன்படுத்தி அவற்றை அகற்றிவிடுங்கள்.

பழைய தோட்டத்துப் படங்கள்

படிவ வேலையோடு வருபவர்களில் சிலர், பையிலிருந்து பழைய ஆல்பத்தையும் எடுத்து நீட்டுகிறார்கள். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் தாத்தா, பால்மரக் (ரப்பர்) காட்டில் வாளியோடு பாட்டி, தோட்டத்துக் கோவில் திருவிழாவில் காவடி. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து சிதறிப்போன உறவினர்கள் இணையத்தில் பார்க்கட்டும் என்று அவற்றைப் போட விரும்புகிறார்கள். இந்த வேலையை நான் மிகுந்த மதிப்போடு செய்கிறேன். பல குடும்பங்களில் அந்த லயங்களுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

படத்தை ஆல்பத்திலிருந்து எடுக்க முடியுமானால் எடுத்து, சன்னலோரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சமதளமாக வைத்து, பளிச்சொளியை (ஃபிளாஷ்) அணைத்துவிட்டு, தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். ஒருவர் இருவர் உள்ள படத்திற்கு நீண்ட பக்கம் 1600 பிக்சல் போதும். கூட்டமாக நின்று எடுத்த படத்துக்கு அது போதாது. ஒரு வரிசையில் 15 பேர் நின்றால், 1600 பிக்சலில் ஒருவருக்கு ஏறத்தாழ 100 பிக்சல் அகலமே கிடைக்கும். முகத்துக்கு அதில் பாதிகூட இராது. யார் யார் என்று அடையாளம் காண வேண்டிய படத்தை 3000 பிக்சலுக்குக் கீழே இறக்காதீர்கள்.

தோட்டத்தில் இணைய இணைப்பு மெதுவாக இருந்தால், சிறிதாக்குவதன் பயன் உடனே தெரியும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் 3.5 மெகாபைட் படம் ஒன்று ஏற 28 நொடி ஆகும். 40 படங்களுக்கு ஏறக்குறைய 19 நிமிடம், நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவற்றைத் தலைக்கு 300 கிலோபைட்டாக்கினால் இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் ஏறிவிடும். சிறிதாக்காத மூலப்படங்களை ஒரு பென்டிரைவிலும், வேறொரு வீட்டில் இருக்கும் பிள்ளையின் கணினியிலும் பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தோட்டத்தின் பெயரையும் தெரிந்த ஆண்டையும் எழுதிவிடுங்கள்.